காண்டெசாவுக்குள் புது எஞ்சின்

‘இந்தியாவின் மசில் கார்’ என்ற பட்டம் ஒட்டிக்கொண்ட வண்டி, ஹிந்துஸ்தான் மோட்டார்ஸின் காண்டெசா. இங்கிலாந்தின் வாக்ஸ்ஹால் கார் ஒன்றின் உடலமைப்பைத் தழுவி, 1984 முதல் 2002 வரை மேற்கு வங்காளத்தின் உத்தர்பாராவில் தயாரானது. நீண்ட பானெட்டுக்குள் முதலில் இருந்ததோ அம்பாசடரின் 1489 சிசி எஞ்சின். சுமார் 50 குதிரைத்திறன். அத்தனை பெரிய உடம்புக்கு அது எப்படிப் போதும்? பின்னர் வந்த 1.8 லிட்டர் இசுசு எஞ்சின்தான் அந்தக் குறையை ஓரளவு தீர்த்தது.

பழைய தோற்றத்தைக் கெடுக்காமல், உள்ளே இக்கால எஞ்சின், பிரேக், ஏ.சி. எல்லாம் பொருத்துவதே ரெஸ்டோமாட். ஃபோர்டு மஸ்டாங் போன்ற கார்களை வைத்து அமெரிக்காவில் பெருந்தொழிலாக வளர்ந்த இந்தக் கலைக்கு இங்கே பொருத்தமான வண்டி காண்டெசாதான்.

வேலை டிங்கர் பட்டறையில் தொடங்குகிறது. காண்டெசாவுக்குத் தனிச் சேசிஸ் கிடையாது. பாடியே முழுப் பாரத்தையும் தாங்குகிறது. தரைத்தகடும் கதவுக்கடி விளிம்பும் துருவேறியிருந்தால் புது எஞ்சினின் விசையில் பாடி முறுக்கிக்கொள்ளும். பெயின்ட் பளபளப்பை நம்பக் கூடாது. ஒரு சிறு காந்தத்தை ஓட்டிப் பார்த்தால் போதும். ஒட்டாத இடத்தில் இருப்பது தகடல்ல, பட்டி. உப்புக்காற்று படாத திண்டுக்கல் சமவெளியில் ஓடிய வண்டிக்குக் கடலோர வண்டியைவிடத் துரு குறைவாக இருக்க வாய்ப்புண்டு. ஆனால் இந்த வெயிலுக்கு ரேடியேட்டரும் ஃபேனும் பெரிதாக வேண்டும்.

எஞ்சினுக்கு முன் பிரேக்கை மாற்றுவதே முறை. கொடைக்கானலிலிருந்து வத்தலக்குண்டுக்கு இறங்கும் வழியில் பிரேக்கை விடாமல் மிதித்தால் சூடேறி, பிரேக் ஆயில் கொதித்து ஆவியாகும். ஆவி அழுந்தக்கூடியது என்பதால் பெடல் தரைவரை போகும், வண்டி நிற்காது. காற்றோட்டமுள்ள டிஸ்க், புது பூஸ்டர், புது ஆயில் மூன்றும் சேர்ந்தால்தான் கூடுதல் குதிரைத்திறனுக்குக் கடிவாளம்.

சட்டமும் குறுக்கே நிற்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவின்படி, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019-இல் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. எஞ்சினை மாற்ற ஆர்.டி.ஓ. அனுமதி பெற்று ஆர்.சி.யில் பதிய வேண்டும். 2021-இல் வந்த பழங்கால வாகன விதி, 50 வயதைக் கடந்து அசல் நிலை மாறாத வண்டிகளுக்கே பொருந்தும். 2034-இல் முதல் காண்டெசா அந்த வயதைத் தொட்டாலும், ரெஸ்டோமாட் ஆனதற்கு அந்தச் சலுகை கிடைக்காது.