சிறுமியர்க்கேற்ற குறுங்கூந்தல்

பெண் குழந்தைகள் உள்ள இல்லங்களில் பள்ளி நாள்களின் காலைப் பொழுது எவ்வாறு கழிகின்றது என்பதைப் பெற்றோர்க்கு நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. 7.30 மணிக்குப் பள்ளி மணி ஒலிக்கும். அதற்குள் குளியல், சீருடை, பசியாறல், தலைவாரல் ஆகிய நான்கும் முடிந்தாக வேண்டும். இவற்றுள் முதல் மூன்றையும் முதலாம் ஆண்டு மாணவி ஒருத்தி, சற்றுப் பழக்கினால், தானே செய்து கொள்வாள். நான்காவதை மட்டும் அவளால் செய்து கொள்ள இயலாது. தன் பிடரியைத் தான் காண இயலாதவளுக்கு இரட்டைச் சடை பின்னிவிடப் பிறர் கை வேண்டும்.

முன்னாளில் அந்தக் கைக்குப் பஞ்சமிருந்ததில்லை. தோட்டங்களில் தாய்மார்கள் விடியுமுன்னரே பெரட்டுக்குச் சென்று, பால்மரம் வெட்டப் புறப்பட்டு விடுவர். கைக்குழந்தைகள் ஆயாக்கொட்டகைக்குச் செல்லும். பள்ளி செல்லும் பெண்பிள்ளையைப் பாட்டியோ, அக்காளோ, பக்கத்து வீட்டு அத்தையோ வாசற்படியில் அமர்த்தித் தலைவாரிப் பின்னி அனுப்புவர். இன்று அக்குடும்பங்களுட் பல பட்டணத்து அடுக்குமாடி வீடுகளில் வாழ்கின்றன. பாட்டி ஓரூர், பேத்தி ஓரூர். தாய் தொழிற்சாலையில் முறைமாற்றி வேலை செய்பவராயின், பிள்ளை கண் விழிக்குமுன் தொழிற்சாலைப் பேருந்து வாசலுக்கு வந்துவிடுகின்றது.

நாம் கண்ட ஒன்றைக் கூறுவோம். இடுப்பளவு கூந்தலுடைய மாணவி ஒருத்தி இரண்டாம் ஆண்டில் பயின்று வந்தாள். தாய்க்கு அதிகாலை வேலையாதலால் தந்தையே அவளுக்குத் தலைவாரி அனுப்புவார். அவர் அன்பிற்குக் குறைவில்லை, பின்னத்தான் தெரியாது. பொட்டலம் கட்டும் ரப்பர் வளையத்தால் முடி முழுவதையும் ஒன்றாக இறுக்கிக் கட்டிவிடுவார். மாலையில் அவ்வளையத்தைக் கழற்றும்பொழுது முடியும் சேர்ந்து பிய்ந்து வரும். குழந்தை அழும். காலையில் சீப்பைக் கண்டாலே அழத் தொடங்கினாள். வாரத்தில் இரண்டு மூன்று நாள் சபைகூடல் முடிந்த பின்னரே வந்து சேர்ந்தாள். ஆசிரியை ஒருவர் கட்டை அவிழ்த்து மீண்டும் பின்னிவிடுவது வழக்கமாயிற்று. ஒரு நாள் அத்தாயார் நம்மிடம் வந்து, "டீச்சர், முடியை வெட்டிவிட்டால் குற்றமாகிவிடுமா?" என்று தயக்கத்துடன் வினவினார். அவருக்கு நாம் அளித்த விடையின் விரிவே இக்கட்டுரை.

குற்றமா என்னும் வினா எளிதில் எழுவதன்று. கூந்தலை ஐந்து வகையாக முடிக்கும் வழக்கம் இருந்தமையால் அதற்கு ஐம்பால் என்றே பெயரிட்ட மொழி நம்முடையது. பெண்களின் கூந்தலுக்கு இயற்கையில் மணம் உண்டா எனப் பாண்டியன் ஐயுற்ற கதையைத் திருவிளையாடலில் அறியாதார் இலர். (அம்மன்னன் உடற்கல்விப் பாடம் முடிந்து நண்பகலில் வகுப்புக்குத் திரும்பும் சிறுமியர் நடுவே ஒருமுறை நின்றிருப்பானாயின் ஐயம் எழுந்தே இராது!) எனினும் இதே நாம்தாம் குழந்தைக்கு ஓராண்டு நிறையுமுன்னரே பத்துமலைக்கோ குலதெய்வக் கோயிலுக்கோ தூக்கிச் சென்று, ஆணென்றும் பெண்ணென்றும் பாராமல் மொட்டையடித்துச் சந்தனம் பூசி மகிழ்கின்றோம். முழுவதையும் மழிக்கையில் வராத அச்சம், பாதியை வெட்டுகையில் வருவது வியப்பே. வேண்டுதலுக்காக வளர்க்கப்படும் முடியாயின் முதலில் அவ்வேண்டுதலை நிறைவேற்றுக. செவ்வாய், வெள்ளியில் முடி வெட்டலாகாது என்று பெரியவர்கள் கருதும் இல்லமாயின் வேறு நாளைத் தேர்ந்து கொள்வதில் எவருக்கும் இழப்பில்லை. பாட்டியின் மனத்தாங்கலோடு வெட்டப்படும் முடி, பேத்தியின் தலையில் நன்றாக அமைவதில்லை.

ஆனால், மொட்டையடித்தால் முடி அடர்ந்து வளரும் என்பதும், நுனியை வெட்டினால் விரைந்து வளரும் என்பதும் உண்மையல்ல. முடியின் உயிர்ப்பகுதி தோலுக்குள் வேரில் உள்ளது. வெளியே நாம் காண்பது உயிரற்ற இழை. அதனை எங்கே வெட்டினாலும் வேருக்குத் தெரியாது. மழித்த பின் முளைக்கும் முடியின் முனை மழுங்கியிருப்பதால் தடித்ததுபோல் தோன்றுகின்றது, அவ்வளவே. தலைமுடி திங்களுக்கு ஏறத்தாழ 1 சென்டிமீட்டர் வளரும். இந்த ஒரு கணக்கை நினைவிற் கொண்டால் குறுங்கூந்தல் பற்றிய பல ஐயங்கள் தாமே தீரும். 3 சென்டிமீட்டர் தவறாக வெட்டிவிட்டால் அது சரியாக ஏறத்தாழ மூன்று திங்கள் ஆகும். தாடையளவு வெட்டிய முடி தோளைத் தொட ஆறு திங்களுக்கு மேலும் ஆகலாம்.

அடுத்து, எந்த அளவில் வெட்டுவது? ஆண்பிள்ளையைப்போல் கிராப்பு வெட்டிவிட்டால் தொல்லையே இல்லை என்று சில பெற்றோர் எண்ணுகின்றனர். காலையில் தொல்லை இல்லை என்பது மெய். ஆயினும் மிகக் குட்டையான வெட்டுத்தான் விரைவில் உருக்குலையும். நான்கைந்து வாரத்திற்கு ஒருமுறை கடைக்குச் செல்லவேண்டும். அதற்குப் பணமும் வேண்டும். காதின் கீழ் மடலுக்கும் தாடைக்கும் இடையே, சுற்றிலும் ஒரே மட்டமாக வெட்டப்படும் பாப் வெட்டு ஏழெட்டு வாரம் வரை தாங்கும். சற்று வளர்ந்தாலும் அழகு கெடாது. சீப்பைப் பிடிக்கத் தெரிந்த எந்தச் சிறுமியும் அதனைத் தானே வாரிக்கொள்வாள். ஏழு, எட்டு வயதினர்க்கு நாம் முதலிற் பரிந்துரைப்பது இதனையே.

ஓர் எச்சரிக்கை. கட்டுவதற்கு எட்டாமலும், முகத்தில் விழாமல் நிற்காமலும் இடைப்பட்டதொரு நீளம் உண்டு. எழுதக் குனியும் குழந்தையின் இரு கன்னத்திலும் அது திரைபோல் விழும். ஒரு கை எழுதும்; மறு கை முடியை ஒதுக்கிக்கொண்டே இருக்கும். வகுப்பில் நாம் நாள்தோறும் காணும் காட்சி இது. இதைவிட இரட்டைச் சடையே மேல். ஆகவே குனிந்தாலும் கண்ணை மறைக்காத அளவு குட்டையாக இருக்கவேண்டும். அன்றேல் ஒரே கட்டில் முழுவதும் அடங்குமளவு நீளமாக இருக்கவேண்டும். தோளைத் தொடும் முடியைக் கட்டிவரவேண்டும் என்பது பள்ளிகளில் பொதுவாக உள்ள ஒழுங்காதலின், தோளுக்கு மேலேயே நிறுத்திக் கொள்வது நலம்.

முடியின் இயல்பையும் நோக்கவேண்டும். நம் பிள்ளைகளிற் பலருக்கு அலையலையான முடி, சிலருக்குச் சுருட்டை. ஈரத்தில் சுருட்டை முடி நீண்டு தொங்கும். காய்ந்ததும் மேலே ஏறிக்கொள்ளும். ஈரமாக இருக்கையில் தாடையளவு வெட்டியது, வீடு வந்து சேர்வதற்குள் காதளவில் நிற்கும். பிள்ளையின் அழுகையும் அப்பொழுது தொடங்கும். ஆதலால் சுருட்டை முடியைக் காய்ந்த நிலையில் வெட்டச் சொல்லுங்கள். அன்றி, விரும்பும் அளவினும் இரண்டு விரற்கடை தாழ்த்தி வெட்டச் சொல்லுங்கள். மிக அடர்ந்த சுருட்டையை ஒரே மட்டமாக வெட்டினால் அடிப்பக்கம் குடைபோல் விரியும். உட்பகுதியில் சிறிது குறைத்து, அடுக்கடுக்காக வெட்டினால் படியும்.

உச்சியில் உள்ள சுழியை மறவாதீர்கள். இரட்டைச் சுழிக்கு நம் பாட்டிமார் சொல்லும் பலன்கள் ஒருபுறம் இருக்கட்டும். முடி எப்பக்கம் சாயும் என்பதை முடிவு செய்வது அச்சுழியே. சுழியருகே மிகக் குட்டையாக வெட்டினால் முடி கோரைபோல் நட்டுக்கொண்டு நிற்கும். எவ்வளவு எண்ணெய் தடவினாலும் படியாது. அவ்விடத்தில் சற்று நீளமாக விடவேண்டும். வகிட்டையும் அது இயல்பாகப் பிரியும் பக்கமே எடுத்தல் வேண்டும்.

நெற்றியில் முடி வெட்டிவிடுவது படங்களில் அழகாகத் தோன்றும். நம் நாட்டு வெப்பத்தில் அது அத்துணைப் பொருத்தமன்று என்பது நம் கருத்து. வியர்வையில் நனைந்து நெற்றியோடு ஒட்டிக்கொள்ளும். சிலருக்கு வேர்க்குரு தோன்றும். திருநீறும் பொட்டும் மறைந்துபோகும். திங்களுக்கு 1 சென்டிமீட்டர் என்னும் கணக்கின்படி, புருவத்தைத் தொடும் அளவில் வெட்டியது நான்கே வாரத்தில் கண்ணைக் குத்தும். பிள்ளை மிகவும் விரும்பினால் புருவத்திற்கு ஒரு விரற்கடை மேலே நிறுத்துக. இல்லையேல் ஒருபக்க வகிடும் ஓர் ஊசிக்கவ்வியும் போதும்.

வெட்டுவது எங்கே? நம்மவர் நடத்தும் முடிதிருத்தும் நிலையங்கள் பெரும்பாலும் ஆடவர்க்குரியவை. அங்கே அழைத்துச் சென்றால் கைபழகிய கிராப்பே தலையில் ஏறும் என்பதை எதிர்பார்த்துக் கொள்ளலாம். பெண்களுக்கான அலங்கார நிலையம் சிறிது கூடுதலாகக் கேட்டாலும் முதல் முறையேனும் அங்குச் செல்வதே நன்று. 'குட்டையாக' என்று மட்டும் சொல்லாதீர்கள். அச்சொல்லுக்கு ஒவ்வொருவர் மனத்திலும் ஓர் அளவு உண்டு. பிள்ளையின் தாடையில் விரலை வைத்து, "இதற்கு மேலே போகவேண்டாம்" என்று காட்டுங்கள். படம் இருந்தால் இன்னும் நல்லது. அடுத்தடுத்த முறைகளில் நுனி திருத்துவதை வீட்டிலேயே செய்யலாம். காகிதம் வெட்டிய கத்தரிக்கோல் முடியை மெல்லுமேயன்றி வெட்டாது. கூரிய கத்தரிக்கோலால், ஒவ்வொரு முறையும் 1 சென்டிமீட்டருக்கு மிகாமல் வெட்டுக. வலப்பக்கம் கூடியது, இடப்பக்கம் கூடியது என்று சரிசெய்துகொண்டே போய்க் காதுவரை ஏறியவர்களை நாம் அறிவோம்.

குறுங்கூந்தலால் எண்ணெய்ச் செலவும் நேரமும் மிஞ்சும் என்பது சொல்லாமலே விளங்கும். முக்கியமானது உலர்தல். நீண்ட முடியை அதிகாலையில் நனைத்து, ஈரம் போகுமுன் பின்னிவிட்டால், நம் நாட்டு ஈரக்காற்றில் நண்பகல் வரையிலும் உள்ளே காயாது. நாற்றமும் அரிப்பும் உண்டாகும். தாடையளவு முடியைத் துண்டால் நன்கு ஒற்றி, விரலால் கோதிவிட்டால் பசியாறி எழுவதற்குள் பெரும்பாலும் உலர்ந்துவிடும்.

இனி, பேனைப் பற்றிக் கூறியாக வேண்டும். பலர் வெட்ட முடிவெடுப்பதே அதனால்தான். பேன் பறப்பதில்லை, தாவுவதுமில்லை. தலையோடு தலை ஒட்டும்பொழுது ஊர்ந்து செல்கின்றது. ஆகவே குட்டை முடிக்கும் அது வரும். ஈர் ஒட்டியிருப்பது முடியின் அடியில், தோலிலிருந்து அரை சென்டிமீட்டர் அளவுக்குள். ஆதலால் நுனியை வெட்டுவதால் ஈர் போகாது. பேன் சீப்பால் வாருவது எளிதாகும் என்பதே குறுங்கூந்தலின் பயன். முடியை நனைத்து, வழுக்கும்படி கண்டிஷனர் தடவி, மூன்று நாளுக்கு ஒருமுறையாக இரண்டு வாரம் அடிமுதல் நுனிவரை வாருக. ஈர் பொரிக்க ஏழு முதல் பத்து நாள் ஆவதால், ஒரே முறை வாரி விட்டுவிட்டால் பயனில்லை. மருந்துக்கடையில் கிடைக்கும் பேன் மருந்தையும் இக்காரணம் பற்றியே மறுமுறை இடச் சொல்கின்றனர். மண்ணெண்ணெய் தடவும் பழைய வழக்கத்தை அறவே விட்டுவிடுக. அது தோலைப் புண்ணாக்கும். சாமி விளக்கருகே சென்றால் பிள்ளையின் உயிருக்கே கேடு.

பேன் வந்த காரணத்தால் இரவோடிரவாக முடி வெட்டப்பட்ட ஒரு மாணவியை நாம் அறிவோம். அவள் உறங்கிக் கொண்டிருக்கையில் சடைகள் இரண்டும் வெட்டப்பட்டன. அவளிடம் எவரும் ஒரு சொல்லும் கேட்கவில்லை. மூன்று நாள் அவள் பள்ளிக்கு வரவில்லை. நான்காம் நாள் வந்தபொழுது கழுத்தை ஒரு கையால் மூடியபடியே அமர்ந்திருந்தாள். எழுதுகோல் பெட்டியைத் திறந்தபொழுது உள்ளே வெள்ளை ரிப்பன்கள் இரண்டும் மடித்து வைக்கப்பட்டிருந்தன. வெட்டியவர்கள் தீய எண்ணத்துடன் வெட்டவில்லை. தூங்கும்போது வெட்டினால் அழமாட்டாள் என்று எண்ணினர். அவள் அழவில்லை என்பது மெய்தான். வகுப்பில் பேசுவதையும் ஒரு தவணை முழுவதும் நிறுத்திவிட்டாள்.

எனவேதான் முன்னர்க் கூறிய தாயாரிடம் நாம் முதலில் கேட்டது, "பிள்ளையிடம் கேட்டீர்களா?" என்பதே. கேட்பதற்கும் ஒரு முறை உண்டு. முடியை உள்ளே மடித்து, ஊசி குத்தித் தாடையளவில் நிறுத்திக் கண்ணாடியில் காட்டுக. ஒரு நாள் வீட்டில் அவ்வாறே நடமாட விடுக. வேண்டாம் என்று அவள் சொன்னால், இடுப்பளவை முதலில் தோளளவாக்கி, ஒற்றைச் சடையோடு சில திங்கள் பொறுத்துப் பார்க்கலாம். பரதம் பயிலும் பிள்ளைகள், "மேடையில் சடைக்கு என்ன செய்வது?" என்று கவலையுறுவர். நீண்ட கூந்தலுடையோரும் ஆட்டத்திற்குச் சவுரி வைத்துப் பின்னுவதைக் காட்டினால் அக்கவலை நீங்கும். வெட்டுவதாயின் விடுமுறையின் தொடக்கத்தில் வெட்டுக. புதிய முகத்திற்கு அவள் பழகிக்கொள்ள நாள் கிடைக்கும்.

அம்மாணவி இரண்டு நாள் எண்ணிப் பார்த்துச் சரி என்றாளாம். ஆனால் ஒரு நிபந்தனை விதித்தாள். சடையை வெட்டி எறியக்கூடாது. அடியிலும் நுனியிலும் கட்டி, முழுச் சடையாக வெட்டித் தன்னிடம் தந்துவிட வேண்டும் என்றாள். அவ்வாறே செய்தனர். பள்ளி திறந்த முதல் நாள் 7.15க்கே வந்துவிட்டாள். "பையன்" என்று பின்வரிசையில் ஒருவன் கூறியதற்கு, வகுப்பாசிரியை எழுவதற்குள் அவளே திரும்பி, "நானே சீவினேன், உனக்கு யார் சீவினார்கள்?" என்று கேட்டுவிட்டாள். அவனுக்கு அவன் அம்மா சீவிவிட்டிருந்தார்.