மைனிங் ஃப்ரேம் வாங்கப் போறீங்களா? முதல்ல ஈபி பில்லை எடுங்க

கிரிப்டோ வரி பற்றிய வீடியோவுக்குக் கீழே ஒரு தம்பி கேட்ட கேள்வி இது: "அண்ணா, எட்டு கார்டு போடற ஓபன் ஏர் ஃப்ரேம் செகண்ட் ஹேண்ட்ல சீப்பா வருது. இப்ப ஃப்ரேமை மட்டும் வாங்கி வச்சுட்டு, போனஸ் வரும்போது ஒவ்வொரு கார்டா சேர்த்துக்கலாமா?"

கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆர்.டி. கட்டுற மாதிரி மாசம் ஒரு கார்டு. ஆனா என் பதில்: ஃப்ரேமைக் கடைசியில் வாங்குங்க. ஃப்ரேம் விலை மொத்தச் செலவில் சில்லறை. எட்டு இடம் உள்ள ஃப்ரேம் வீட்டுக்கு வந்துட்டா, எட்டையும் நிரப்பணும்னு கை அரிக்கும். எத்தனை கார்டு என்பதை முடிவு பண்ண வேண்டியது ஃப்ரேமில் உள்ள இடம் இல்லை, உங்க வீட்டு மீட்டர்.

புதுசா வர்றவங்களுக்கு ஒரு வரியில் சொல்லிடறேன். ஓபன் ஏர் ஃப்ரேம் என்பது மூடி, கதவு எதுவும் இல்லாத கம்ப்யூட்டர் கூடு. கீழ்த்தட்டில் மதர்போர்டும் பவர் சப்ளையும், மேலே வரிசையாக கிராஃபிக்ஸ் கார்டுகள். ஆறு கார்டை சாதாரண கேபினெட்டில் அடைக்க முடியாது, அடைச்சாலும் வெந்துடும். அதனால இந்த அமைப்பு. பிட்காயினுக்கு இது பயன்படாது, அதுக்கு ஏசிக் மெஷின் தனியா இருக்கு. கார்டு மைனிங்கின் பெரிய வருமானம் எத்தேரியம்தான். 2022 செப்டம்பர் 15-ல் எத்தேரியம் மைனிங்கையே கைவிட்டு வேற முறைக்கு மாறிடுச்சு. அன்னைக்கு வேலை இழந்த கார்டுகளும் ஃப்ரேம்களும்தான் செகண்ட் ஹேண்ட் மார்க்கெட்டில் வந்து குவிஞ்சது. எத்தேரியம் கிளாசிக், ரேவன்காயின் மாதிரி சில காயின்களை இன்னும் கார்டில் எடுக்கலாம். பழைய வருமானத்தை எதிர்பார்க்கக் கூடாது.

இப்போ மீட்டர் கணக்கு. ஆறு கார்டு, ஒவ்வொன்றும் 120 வாட் என்று குறைத்து செட் பண்ணியிருக்கீங்க. அது 720 வாட். மதர்போர்டு, ரைசர், ஃபேன், பவர் சப்ளையில் சூடாகப் போவது எல்லாம் சேர்த்து ஒரு 130. மொத்தம் 850 வாட். 24 மணி நேரத்துக்கு 20.4 யூனிட். இரண்டு மாதத்துக்கு 1,224 யூனிட்.

"யூனிட் அஞ்சு ரூபான்னு போட்டா ஆறாயிரம்தானே" என்று நினைக்காதீங்க. தமிழ்நாட்டு வீட்டு இணைப்பில் ஸ்லாப் இருக்கு. 2024 ஜூலை கட்டணப்படி பார்க்கிறேன். உங்க வீடு இரண்டு மாதத்துக்கு 400 யூனிட் ஓடுது என்றால் பில் சுமார் 1,175 ரூபாய். ரிக்கைச் சேர்த்தா 1,624 யூனிட், பில் சுமார் 14,370 ரூபாய். 500 யூனிட்டைத் தாண்டியதும் கீழே உள்ள யூனிட்டுகளுக்கும் சலுகை குறையுது. 1,000-க்கு மேல் போகும் ஒவ்வொரு யூனிட்டும் 11.80 ரூபாய். ஆக ரிக்குக்கு மட்டும் இரண்டு மாதத்தில் 13,200 ரூபாய், மாசம் 6,600, யூனிட் ஒன்றுக்கு சுமார் 10.80.

வாட்-டு-மைன் மாதிரி கால்குலேட்டரில் மின் கட்டணம் 0.1 டாலர் என்று தானாகவே போட்டிருக்கும். அதை மாத்தாமல் லாபம் பார்த்துட்டு ஸ்கிரீன்ஷாட் அனுப்புறாங்க. நம்ம 10.80 ரூபாய் அதைவிட அதிகம். முதலில் அந்தக் கட்டத்தில் உங்க உண்மையான ரேட்டைப் போடுங்க.

அதே வீட்டில் இரண்டே கார்டு என்றால் 330 வாட் வரும். இரண்டு மாதத்தில் 475 யூனிட், கூடுதல் பில் சுமார் 4,500, யூனிட் 9.50. கார்டு ஏற ஏற மின்சாரம் மலிவாகாது, விலை கூடும். மற்ற தொழிலில் அளவு பெருசானா அடக்கம் குறையும், இங்கே தலைகீழ். பன்னிரண்டு கார்டு ஃப்ரேமைப் பார்த்து ஆசைப்படறவங்க இதை ஒரு தரம் யோசிக்கணும். (பி.ஜி.யில் கரன்ட் ஃப்ரீ, அங்க ஓட்டலாமான்னு ஒருத்தர் கேட்டிருந்தார். ஃப்ரீ இல்லைங்க, ஓனர் கட்டுறார்.)

இவ்வளவுக்கும் பிறகு கணக்கு ஒத்து வருது, இல்லை கத்துக்கத்தான் செய்யறேன் என்றால், ஃப்ரேம் எப்படிப் பார்ப்பது?

பொருளில் மூணு வகை. மரச்சட்டம் மலிவு, ஆனா 24 மணி நேரமும் சூடும் மின்சாரமும் இருக்கிற இடத்தில் மரம் வேண்டாம். வளைத்து பெயின்ட் அடித்த இரும்பு ஃப்ரேம் பலமா இருக்கும், ஆனா ஓட்டைகள் போட்ட இடத்தில்தான் கார்டு உட்காரும். நான் சொல்வது 20×20 மி.மீ. அலுமினிய புரொஃபைல். அதில் நீளமான காடி இருக்கும், டி-நட்டைத் தள்ளி கார்டை எங்கே வேண்டுமானாலும் நிறுத்தலாம். கடலோரத்தில் இருக்கிறவங்களுக்குத் துருப் பிரச்சினை குறைவு. மைனிங்கை விட்டாலும் கழற்றி செல்ஃபாவோ டேபிளாவோ மாத்திக்கலாம். விற்றாலும் ஏதோ கொஞ்சம் தேறும். ஸ்லாட்டட் ஆங்கிள் ரேக் கடையில் அளவு சொல்லி வெட்டி வாங்கி செய்றவங்களும் உண்டு. ஓரத்தை அரம் போட்டுத் தேய்ச்சா அதுவும் மோசமில்லை.

விளம்பரத்தில் "8 ஜிபியு" என்று போட்டிருப்பதை நம்பாதீங்க, டேப் எடுத்து அளங்க. இரண்டு ஸ்லாட் கார்டு 40 மி.மீ. தடிமன், மூணு ஸ்லாட் கார்டு 60 மி.மீ. இரண்டு கார்டுக்கு நடுவே குறைந்தது 25 மி.மீ. இடைவெளி விடணும். மூணு ஸ்லாட் கார்டு ஆறு போட 485 மி.மீ. தேவை. மேல் கம்பி 540 மி.மீ. இருந்தால் அது எட்டு கார்டு ஃப்ரேம் இல்லை, உங்களுக்கு ஆறுதான். மூணு ஃபேன் கார்டுகள் 300 மி.மீ.க்கு மேல் நீளம் போகும், அதனால ஆழத்தையும் பாருங்க.

பூட்டுவது கஷ்டம் இல்லை, ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் போதும். எல்லா போல்ட்டையும் முதலில் பாதி இறுக்கத்தில் விடுங்க. மூலைக்கு மூலை இரண்டு பக்கமும் அளந்து, சமமாக வந்த பிறகு முழுசா இறுக்குங்க. முதலிலேயே இறுக்கினா கோணலாகி, கடைசி கம்பி சேராது. மதர்போர்டு உலோகத்தில் நேரடியாகப் படவே கூடாது, பித்தளை ஸ்டாண்ட்-ஆஃப் மேல்தான் உட்காரணும். முதலில் ஒரே ஒரு கார்டை வைத்து ஆன் பண்ணிப் பாருங்க. பயாஸில் "அபவ் 4ஜி டீகோடிங்" என்பதை ஆன் செய்யாவிட்டால் நிறைய போர்டுகளில் நாலாவது, அஞ்சாவது கார்டு தெரியாது. அதுக்காக கார்டு கெட்டுப்போச்சுன்னு கடைக்கு ஓட வேண்டாம். அப்புறம் ஒவ்வொன்றாகச் சேர்த்து, ஒவ்வொரு தடவையும் ஓட்டிப் பாருங்க.

ரைசர் விஷயத்தில் மட்டும் காசு மிச்சம் பிடிக்காதீங்க. கார்டுக்கும் போர்டுக்கும் நடுவே போகும் இந்தச் சின்ன இணைப்புக்குத் தனியா பவர் தரணும். ஸ்லாட் வழியாக ஒரு கார்டு 75 வாட் வரை இழுக்கலாம். ஹார்ட் டிஸ்குக்கு வரும் சாட்டா கனெக்டர் 12 வோல்ட்டில் தாங்குவது 54 வாட்தான். ரிக் கருகிய படங்களில் அடிக்கடி பார்ப்பது உருகின இந்த கனெக்டரைத்தான். 6 பின் உள்ள ரைசர் வாங்கி, பவர் சப்ளையின் பிசிஐ கேபிளில் கொடுங்க. இரண்டு பவர் சப்ளை போட்டால், ஒரு கார்டுக்கும் அதன் ரைசருக்கும் ஒரே சப்ளையிலிருந்து போகணும். 850 வாட் ரிக்குக்கு 1,000 வாட்டுக்கு மேல், கோல்டு தரம் உள்ளதா எடுங்க. முக்கி முக்கி ஓடக்கூடாது.

ப்ளக்? 16 ஆம்பியர் சாக்கெட், எர்த் உள்ளது, நேரடியாக. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டாம். பன்னிரண்டு கார்டு 7 ஆம்பியரைத் தொடும், சாதாரண 6 ஆம்பியர் சாக்கெட்டில் ராத்திரி பகலா அது ஓடக்கூடாது. இன்வெர்ட்டர் லைனில் இருக்கான்னும் எலக்ட்ரீஷியனைப் பார்க்கச் சொல்லுங்க. கரன்ட் போன நேரத்தில் இன்வெர்ட்டர் திணறிடும்.

சூடு எங்கே போகும் என்று யாரும் கேட்பதில்லை. 850 வாட்டும் கடைசியில் அறைச் சூடாகத்தான் மாறும். 1 டன் ஏசி வெளியே தள்ளும் வெப்பம் 3.5 கிலோவாட், அதில் கால்வாசியை உங்க ரிக்கே சாப்பிட்டுவிடும். ஏசி போட்டு மைனிங் பண்ற கணக்கு எந்த நாளும் ஒத்து வராது. ஜன்னல் பக்கம் வைத்து, 120 மி.மீ. ஃபேன்களை கார்டுகளுக்கு நடுவே காற்று ஊதும்படி மாட்டுங்க. திறந்த ஃப்ரேம் என்பதால் தூசி, குழந்தை கை, பல்லி எல்லாவற்றுக்கும் திறந்ததுதான். சிரிக்காதீங்க, பல்லி விழுந்து ஷார்ட் ஆனா அதுக்கு வாரண்டி கிடையாது. மேலே ஒரு கொசுவலைத் துணி கட்டலாம், காற்றை அடைக்காத அளவுக்கு.

இப்போ நம்ம சேனலோட சொந்த ஏரியா. 2022 ஏப்ரல் 1 முதல் கிரிப்டோ லாபத்துக்கு 30% வரி, செஸ் சேர்த்து 31.2%. கழிக்க அனுமதி உள்ளது வாங்கிய விலை மட்டும். மைனிங் பண்ண வாங்கிய சாதனச் செலவு அந்த "வாங்கிய விலை"யில் வராது என்று 2022 மார்ச்சில் மத்திய அரசு நாடாளுமன்றத்திலேயே பதில் சொல்லிவிட்டது. அதாவது ஃப்ரேம், கார்டு, ரைசர் எதையும் கழிக்க முடியாது. ஈபி பில்லும் காயினுக்குக் கொடுத்த விலை இல்லை. காயின் கைக்கு வந்த நாளிலேயே அதை வருமானமாகக் காட்டி, அந்த மதிப்பை அடக்க விலையாக எடுக்கும் வாதமும் உண்டு. அதை உங்க ஆடிட்டரோடு பேசிக்குங்க. திட்டம் போடும்போது அடக்க விலை பூஜ்யம் என்றே நான் போடுவேன்.

அப்படிப் போட்டுப் பாருங்க. மாசம் 10,000 ரூபாய்க்குக் காயின் விற்கிறீங்க. வரி 3,120. கரன்ட் 6,600. மிச்சம் 280 ரூபாய். வருமானம் 9,600-க்குக் கீழே போனால் சம்பளத்திலிருந்து எடுத்துக் கட்டணும். கார்டு வாங்கிய காசு, அது தேய்வது எதுவும் இதில் சேரவே இல்லை. ஒரு காயினில் வந்த நஷ்டத்தை இன்னொரு காயின் லாபத்திலோ சம்பளத்திலோ கழிக்கவும் முடியாது, அடுத்த வருஷத்துக்குக் கொண்டுபோகவும் முடியாது.

இந்தியத் தளத்தில் விற்றால் 1% டிடிஎஸ் பிடிப்பாங்க. அது 26ஏஎஸ்-ல் வந்திருக்கான்னு பார்த்து ரிட்டர்னில் எடுத்துக்கலாம். வழக்கமா ஐடிஆர்-1 போடறவங்க, 500 ரூபாய்க்குக் காயின் விற்றிருந்தாலும் அந்த வருஷம் ஐடிஆர்-1 போடக்கூடாது. ஐடிஆர்-2 அல்லது 3 எடுத்து, விடிஏ அட்டவணையில் ஒவ்வொரு விற்பனையையும் தேதியோடு நிரப்பணும். அதனால முதல் நாளிலிருந்தே ஒரு எக்செல் ஷீட்டில் நாலு கட்டம் போட்டு வைங்க: காயின் வந்த தேதி, அன்றைய ரூபாய் மதிப்பு, விற்ற தேதி, விற்ற விலை.

அந்தத் தம்பிக்கு இந்தக் கணக்கை அப்படியே அனுப்பினேன். இரண்டு கார்டுக்கு மட்டும் நாலு புரொஃபைல் கம்பி வெட்டி வாங்கிக்கறேன், மைனிங் இல்லாத நேரத்தில் வீடியோ ரெண்டரிங்குக்கு ஓட்டிக்கறேன்னு பதில் போட்டிருக்கார். கார்டு வாங்க ரிச்சி ஸ்ட்ரீட் போறாராம். பில்லோடு வாங்குங்க, கடையிலேயே அரை மணி நேரம் ஓட்டி டெம்பரேச்சர் பாருங்கன்னு சொல்லியிருக்கேன்.