பாக்டீரியாச் சண்டையைப் படம் பிடிப்பது எப்படி?

மண் பாக்டீரியாக்கள் சில வேதிப்பொருள்களை எதிரி பக்கத்தில் இருந்தால்தான் சுரக்கின்றன. வளர்ப்பூடகத்தை மொத்தமாகக் கரைத்துப் பிரித்தால் பொருள் கிடைக்கும். ஆனால் எந்த இடத்தில், யாரை நோக்கிச் சுரந்தது என்பது தெரியாமல் போய்விடும்.

எனவே கரைக்காமலே பார்க்கிறார்கள். மெல்லிய அகர் மீது இரண்டு இனங்களை அருகருகே வளர்த்து, அந்தத் துண்டை உலோகத் தட்டில் வைத்து, லேசர் ஒளியை உறிஞ்சும் பொடியைத் தூவி உலர்த்துவார்கள். என்னைக் கேட்டால் சூட்சுமமே அந்தப் பொடியில்தான். லேசர் புள்ளி புள்ளியாகப் பட, பொடி ஆவியாகி, மூலக்கூறுகளையும் சிதையாமல் மின்னேற்றத்தோடு கிளப்பிவிடுகிறது. வெற்றிடக் குழாயில் லேசானவை முந்தும், கனமானவை பிந்தும். வந்துசேரும் நேரத்திலிருந்து நிறையைக் கணக்கிடலாம். ஒவ்வொரு நிறைக்கும் ஒரு நிறம் தந்தால் எது எங்கே இருக்கிறது என்ற வரைபடம் தயார்.

2009இல் சான் டியேகோவில் பீட்டர் டோரஸ்டைன் குழு, பாசில்லஸ் சப்டிலிஸ், ஸ்ட்ரெப்டோமைசிஸ் சீலிகலர் என்ற இரண்டு மண் பாக்டீரியாக்களை இப்படி எதிரெதிரே வளர்த்துப் படமெடுத்தது. பாசில்லஸ் சுரக்கும் சர்ஃபாக்டின், ஸ்ட்ரெப்டோமைசிஸ் மேல்நோக்கி இழை விடுவதைத் தடுக்கக்கூடியது.

ஆனால் நிறை மட்டும் அடையாளம் ஆகாது; லியூசின், ஐசோலியூசின் என்ற இரண்டு அமினோ அமிலங்களுக்கும் ஒரே நிறை. புதிய பொருள் என்றால், பிரித்தெடுத்து என்.எம்.ஆர் (அணுக்கரு காந்த ஒத்ததிர்வு) முறையில் அமைப்பைப் பார்க்கும் பழைய வேலை அப்படியேதான் இருக்கிறது.