தட்டத் தட்ட இறுகும் வெள்ளி

யாழ்ப்பாணத்துக் கலியாண வீடுகளில் பொன்னுருக்கலைப் பார்க்காதவர்கள் குறைவு. நல்ல நாள் பார்த்துப் பத்தர் மாப்பிள்ளை வீட்டுக்கு வருவார். மாப்பிள்ளை கொடுக்கும் தங்கக் காசை மூசையில் இட்டு ஊதி உருக்குவார். உருகித் திரண்ட பொன்னைத் தட்டில் வைத்துச் சபைக்குக் காட்டுவார்கள். சனம் படம் எடுத்துவிட்டுச் சாப்பாட்டுக்குப் போய்விடும். பத்தரின் மெய்யான வேலை அதற்குப் பிறகுதான், கன்னாதிட்டிப் பக்கத்திலோ கஸ்தூரியார் வீதியிலோ ஒரு பட்டறையில் தொடங்குகிறது.

அந்த வேலையைப் பழக வருபவர் கையில் யாரும் முதலில் தங்கத்தைக் கொடுப்பதில்லை. ஒரு பவுண் என்பது 8 கிராம். அதைப் பிழையாக உருக்கிப் பார்க்க எந்த வீட்டுக்கு மனம் வரும்? ஆகவே வெள்ளி. கொலுசும் மெட்டியும் குழந்தையின் அரைஞாணும் வெள்ளியில்தான் செய்யப்படுகின்றன என்பதால், பழகிய கைக்கு அதிலேயே வேலையும் உண்டு.

சுத்த வெள்ளி நகைக்கு மிக மென்மையானது. 92.5 வீதம் வெள்ளியோடு 7.5 வீதம் செம்பு சேர்த்தால் உறுதி வரும். நகையின் உட்பக்கத்தில் தெரியும் ‘925’ முத்திரையின் பொருள் அதுதான். முதற்பாடம் பெரும்பாலும் ஒரு சாதாரண மோதிரம். வெள்ளிக் கம்பியைத் தட்டி, வளைத்து, இரண்டு முனையையும் ஒட்ட வேண்டும். கேட்க எளிது.

ஆனால் தட்டத் தட்ட வெள்ளி முரண்டு பிடிக்கும். உலோகம் நுண்ணிய படிகங்களால் ஆனது. சுத்தியல் அடியில் அணு அடுக்குகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்குவதால்தான் அது வடிவம் மாறுகிறது. அடி கூடக்கூட அந்த வழுக்கல்கள் ஒன்றையொன்று மறித்து நின்றுவிடுகின்றன. அதற்குமேல் அடித்தால் வெடிப்புத்தான். மங்கிய சிவப்பு வரும்வரை, ஏறத்தாழ 600 முதல் 650 பாகை செல்சியஸ் வரை காய்ச்சினால் புதிய படிகங்கள் உருவாகி வெள்ளி மறுபடி இளகும். அந்தச் சிவப்பு நல்ல வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாது. பழைய பட்டறைகள் அரை இருட்டில் இருந்ததைச் சிக்கனம் என்று மட்டும் நினைக்க வேண்டாம்.

அதைவிடச் சிக்கலானது பொடி வைத்து ஊதுதல். பொடி என்பது வெள்ளியோடு செம்பும் துத்தநாகமும் கலந்த, சற்று முந்தி உருகும் பற்றாசு. அதன் கடின வகை 750 பாகைக்கு அருகே ஓடும். 925 வெள்ளியோ 800 பாகையை ஒட்டியே உருகத் தொடங்கிவிடும். கைக்கு இருக்கும் இடைவெளி ஐம்பது பாகை அளவுதான். போதாததற்கு, உலோகங்களிலேயே வெப்பத்தை மிக நன்றாகக் கடத்துவது வெள்ளி. மூட்டில் மட்டும் சுடரைப் பிடித்தால் சூடு மோதிரம் முழுவதும் ஓடிவிடும், மூட்டில் போதிய சூடு நிற்காது. முழு மோதிரத்தையும் ஒருசீராகச் சூடேற்ற வேண்டும்; பொடி எப்போதும் சூடு கூடிய பக்கத்துக்கே பாயும். அது இடைவெளியையும் நிரப்பாது. ஆகவே முனைகளுக்கிடையே வெளிச்சம் தெரியாதபடி அரத்தால் ராவிப் பொருத்துவதில்தான் பாதி வெற்றி. மேலே பூசும் வெண்காரம் உருகி, செம்பின் ஒட்சைட்டைக் கரைத்துப் பொடிக்கு வழிவிடுகிறது.

இன்று காஸ் சுடர் வந்துவிட்டது. ஊதுகுழலில் பழகியவர்கள் கன்னத்தில் காற்றைத் தேக்கி, மூக்கால் மூச்சிழுத்தபடியே விடாமல் ஊதினார்கள். நீண்ட சுரம் பிடிக்கும் நாதஸ்வரக்காரரின் வித்தையும் இதுவே.

இலங்கைக் கைவினைஞரின் இத்தகைய முறைகளை, பெரும்பாலும் கண்டிப் பகுதியில், ஊன்றிக் கவனித்து எழுதியவர் ஆனந்தக் குமாரசுவாமி. யாழ்ப்பாண வேர் கொண்ட அவர் தொழிலால் புவிச்சரிதவியலாளர். மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய அவரது நூல் 1908இல் இங்கிலாந்தின் புரோட் கம்டனில் அச்சாயிற்று. அயலூரான சிப்பிங் கம்டனுக்கு 1902இல் லண்டனிலிருந்து ஒரு கைவினைஞர் சங்கமே இடம்பெயர்ந்திருந்தது. சங்கம் கலைந்தாலும் அதன் பட்டறையில் ஹார்ட் குடும்பத்தார் தலைமுறைகளாக வெள்ளி வேலையைத் தொடர்ந்து வந்திருக்கிறார்கள்.

செய்து முடித்த மோதிரம் நாளடைவில் கறுக்கும். வெள்ளி மட்டமானது என்று பத்தரைக் குறைசொல்ல வேண்டாம்: காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்களோடு சேர்ந்து மேற்பரப்பு வெள்ளி சல்பைட்டாகிறது, அவ்வளவுதான். அலுமினியத் தாள் விரித்த பாத்திரத்தில் மோதிரம் தாளைத் தொடும்படி வைத்து, சுடுநீரும் அப்பச்சோடாவும் இட்டால், கந்தகத்தை அலுமினியம் பறித்துக்கொள்ள வெள்ளி மீளும். கல் பதித்த நகைக்கும், அழகுக்காகவே கறுப்பேற்றிய வேலைப்பாட்டுக்கும் இந்த வைத்தியம் கூடாது.