முதலமைச்சருக்கும் மேலே ஒரு குழு

2009 ஜூலையில் வி.எஸ். அச்சுதானந்தன் கேரள முதலமைச்சர். வயது 85. 1964-ல் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் தேசியக் குழுவிலிருந்து வெளியேறி மார்க்சிஸ்ட் கட்சிக்கு வித்திட்ட 32 பேரில் அவரும் ஒருவர். 2009-ன் அந்த ஜூலையில் டெல்லியில் கூடிய கட்சியின் மத்தியக் குழு, கட்சி ஒழுங்கை மீறினார் என்று அவரை அரசியல் தலைமைக்குழுவிலிருந்து நீக்கியது. முதலமைச்சர் பதவி போகவில்லை. 2011 வரை அவரே தொடர்ந்தார். ஆனால் கட்சியின் மாநிலச் செயலாளர் பினராயி விஜயன் அந்தக் குழுவில் இருக்க, முதலமைச்சர் வெளியே இருந்தார்.

முதலமைச்சரே கட்சித் தலைவராகவும் இருப்பதைப் பார்த்துப் பழகிய தமிழ்நாட்டில் இது சட்டென்று பிடிபடாது. பொலிட்பீரோ என்று பத்திரிகைகள் எழுதும் இந்தக் குழு எது, அதற்கு இவ்வளவு அதிகாரம் எங்கிருந்து வருகிறது?

காஞ்சிபுரத்தின் திருப்பருத்திக்குன்றம், பிள்ளையார்பாளையம் பக்கத்துத் தறிக்காரர்களுக்கு இதைச் சொல்லப் பட்டுக் கூட்டுறவுச் சங்கமே போதும். உறுப்பினர்கள் ஓட்டுப் போட்டு நிர்வாகக் குழுவைத் தேர்ந்தெடுக்கிறார்கள். நிர்வாகக் குழு தனக்குள் ஒருவரைத் தலைவராக்குகிறது. மார்க்சிஸ்ட் கட்சியிலும் இதே ஏற்பாடுதான், படிகள் மட்டும் அதிகம். அடியில் கிளை. அதன் மேல் இடைக்கமிட்டி, மாவட்டக்குழு, மாநிலக்குழு. மூன்று ஆண்டுக்கு ஒருமுறை கிளையில் தொடங்கி ஒவ்வொரு மட்டத்திலும் மாநாடு நடக்கும். அங்கிருந்து பிரதிநிதிகள் மேலே போவார்கள். கடைசியில் அகில இந்திய மாநாடு மத்தியக் குழுவைத் தேர்ந்தெடுக்கும். மத்தியக் குழு, அரசியல் தலைமைக்குழுவையும் பொதுச்செயலாளரையும் தேர்ந்தெடுக்கும். மத்தியக் குழு கூடாத நாட்களில் கட்சியை நடத்துவது தலைமைக்குழு. மாநாட்டுக்கு இரண்டு மாதம் முன்பே அரசியல் தீர்மானத்தின் நகல் வெளியாகிவிடும். ஒரு சிற்றூரின் கிளை உறுப்பினர்கூட அதற்குத் திருத்தம் எழுதி அனுப்பலாம். இந்த ஒரு உரிமைக்காகவே இந்த அமைப்பை நான் மதிக்கிறேன்.

தலைமைக்குழு என்ற இந்த வடிவம் ரஷ்யாவிலிருந்து வந்தது. 1917 அக்டோபரில், புரட்சிக்குச் சற்று முன், லெனின் உள்ளிட்ட ஏழு பேர் கொண்ட குழு ஒன்று அமைந்தது. 1919-ல் அது நிரந்தர அமைப்பாயிற்று. நாளடைவில் அரசாங்கத்துக்கே கட்டளையிடும் இடமாக வளர்ந்தது. சீனாவில் இன்றும் அப்படித்தான்: 2022-ல் அமைந்த 24 பேர் குழுவுக்குள் ஏழு பேர் கொண்ட நிலைக்குழு இருக்கிறது, அங்கே முடிவானதே நாட்டின் முடிவு.

இந்தியாவில் கதை வேறு. இங்கே கட்சி ஆள்வது மாநிலங்களில், அதுவும் மக்கள் ஓட்டுப் போட்டால். மேற்கு வங்கத்தில் 1977 முதல் 2011 வரை தொடர்ச்சியாக 34 ஆண்டுகள். கேரளத்திலும் திரிபுராவிலும் விட்டுவிட்டு. 1964-ல் கொல்கத்தா மாநாட்டில் அமைந்த முதல் தலைமைக்குழுவில் ஒன்பது பேர். சுந்தரய்யா, இ.எம்.எஸ்., ஏ.கே. கோபாலன், ஜோதிபாசு ஆகியோருடன் நம்மூர் பி. ராமமூர்த்தியும் இருந்தார். 1970-ல் தொழிற்சங்க அமைப்பான சிஐடியு தொடங்கியபோது அதன் முதல் பொதுச்செயலாளரும் அவரே. 2024-ல் இதே காஞ்சிபுரம் மாவட்டத்தின் சுங்குவார்சத்திரத்தில், சங்க அங்கீகாரம் கேட்டு சாம்சங் தொழிலாளர்கள் ஒரு மாதத்துக்கு மேல் வேலைநிறுத்தம் செய்தார்களே, அவர்களுக்குத் துணை நின்றது அந்த சிஐடியுதான்.

தலைமைக்குழு நினைத்தால் எதையும் செய்துவிடலாம் என்றும் இல்லை. 1996-ல் ஐக்கிய முன்னணி, மேற்கு வங்க முதலமைச்சர் ஜோதிபாசுவைப் பிரதமராகும்படி அழைத்தது. பொதுச்செயலாளர் சுர்ஜித்துக்கும் பாசுவுக்கும் அதில் சம்மதம். மத்தியக் குழு மறுத்துவிட்டது. தேவகவுடா பிரதமரானார். பாசு அதை வரலாற்றுப் பிழை என்று பின்னர் வெளிப்படையாகச் சொன்னார். ஆனால் முடிவுக்குக் கட்டுப்பட்டு நான்கு ஆண்டுகள் முதலமைச்சராகத் தொடர்ந்தார். தன் கையருகே வந்த பிரதமர் பதவியைக் குழுவின் சொல்லுக்காக விட்டவர் என்று இந்திய அரசியலில் வேறு யாரைச் சொல்வது? ஆனால் கட்சிக் கட்டளையை ஏற்கவில்லை என்று, 2008-ல் மக்களவைத் தலைவராக இருந்த சோம்நாத் சாட்டர்ஜியைத் தலைமைக்குழு கட்சியிலிருந்தே வெளியேற்றியது எனக்கு இன்றும் உடன்பாடில்லை. அவைத் தலைவர் எல்லாக் கட்சிக்கும் பொதுவானவர். அவரைக் கட்சிக் கட்டளைக்குள் இழுத்திருக்கக் கூடாது.

பொதுச்செயலாளர் மூன்று முறைக்கு மேல் நீடிக்கக் கூடாது, 75 வயதைக் கடந்தவர் குழுக்களிலிருந்து விலக வேண்டும் என்ற விதிகள் பிறகு வந்தன. 2025 ஏப்ரலில் மதுரையில் நடந்த 24-வது மாநாட்டில் பிரகாஷ் காரத், பிருந்தா காரத், ஜி. ராமகிருஷ்ணன் முதலியோர் விலகினர். தலைமைக்குழுவில் அப்போது கேரள முதலமைச்சராக இருந்த பினராயி விஜயனுக்கு மட்டும் விலக்கு. எம்.ஏ. பேபி பொதுச்செயலாளரானார். 18 பேர் தலைமைக்குழுவில் தமிழ்நாட்டிலிருந்து கே. பாலகிருஷ்ணனும் உ. வாசுகியும் இடம்பெற்றனர். குழுவில் பெண்கள் வாசுகியையும் மரியம் தவாலேயையும் சேர்த்து இரண்டே பேர். 2005-ல்தான் முதல் பெண் உள்ளே வந்தார் என்பதை வைத்துப் பார்த்தாலும் இது போதாது.

அதே மதுரையில், மத்தியக் குழுவுக்குத் தலைமை வைத்த பட்டியலை எதிர்த்து மகாராஷ்டிரத்தின் டி.எல். கராட் நின்றார். ரகசிய வாக்கெடுப்பு நடந்தது; 31 வாக்கு பெற்றுத் தோற்றார். அந்த எண் வெளியே தெரிந்தது நல்லது. தலைமைக்குழுவுக்குள் எத்தனை பேர் எந்தப் பக்கம் நின்றார்கள் என்பதைக் கட்சி வழக்கமாகச் சொல்வதில்லை. கட்சியின் உள்விவகாரம் என்றால் அது சரி. ஆளும் அரசின் திசையைத் தீர்மானிக்கும் முடிவென்றால், அந்த அரசுக்கு ஓட்டுப் போட்டவருக்கும் அந்த எண்ணிக்கை சொல்லப்பட வேண்டும்.