ஒரே குமிழில் இரு மருந்துகள்

இலூக்கேமியா எனப்படும் இரத்தப் புற்றுநோயின் கொடிய வகையொன்றுக்கு இரு மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் வழக்கம் 1970ஆம் ஆண்டுகளில் நிலைபெற்றது. ஒன்று டோனோரூபிசின், மண்ணில் வாழும் நுண்ணுயிரொன்று ஆக்கும் செந்நிறப் பொருள். மற்றொன்று சைற்றரபீன், கடற்பஞ்சொன்றிலே கண்ட பொருள்களை முன்மாதிரியாகக் கொண்டு ஆய்வுகூடத்தில் ஆக்கப்பட்டது. மண்ணும் கடலும் ஒரே நோயாளியின் நாளத்திற் கூடுகின்றன எனலாம்.

ஆயின் இவ்விரண்டும் எந்த விகிதத்திற் கூடினாலும் ஒன்றே என்பதற்கில்லை. சில விகிதங்களில் ஒன்றுக்கொன்று துணைநிற்கின்றன. வேறு சிலவற்றில் ஒன்றின் வேலையை மற்றது கெடுக்கின்றது. தனித்தனியே ஏற்றினால், சைற்றரபீன் இரத்தத்திலிருந்து விரைவில் நீங்கிவிட, விகிதம் குலைந்துவிடும். ஆகவே இரண்டையும் ஏறத்தாழ 100 நனோமீற்றர் விட்டமுடைய இலிப்போசோம் என்னும் கொழுப்புக் குமிழ்களுள் அடைத்தனர். விக்சியோஸ் என்னும் இம்மருந்தினை 2017இல் அமெரிக்க அரசு அங்கீகரித்தது. வேறொரு குருதி நோயிலிருந்தோ முன்னைய சிகிச்சையிலிருந்தோ இந்நோய் தோன்றிய 60 முதல் 75 வயதினரிடம் நிகழ்ந்த பரிசோதனையில், நோயாளர் உயிர்வாழ்ந்த காலத்தின் இடைநிலை அளவு, பழைய முறையில் 5.95 மாதம், குமிழ் மருந்தில் 9.56 மாதம்.

ஒரு குப்பியில் டோனோரூபிசின் 44 மில்லிகிராமும் சைற்றரபீன் 100 மில்லிகிராமும் உள. நிறையைப் பார்த்தால் ஒன்றுக்கு இரண்டுபோலத் தோன்றும். மூலக்கூறுகளை எண்ணினாலோ ஒன்றுக்கு ஐந்து. அவ்விகிதமே மருந்தின் உயிர்நிலை. அது பிறழவில்லை என்பதை எவ்வாறு அறிவது?

இதற்கு உதவும் முறையின் பெயர் குரோமற்றோகிராபி. உருசியத் தாவரவியலாளர் மிக்கேல் ஸ்வெத் என்பார், இலைச் சாயங்களைச் சுண்ணத்தூள் நிரப்பிய குழாயினூடே வடியவிட்டு, நிறங்கள் தனித்தனி வளையங்களாகப் பிரிவதைக் கண்டு, 1906இல் அதற்கு இப்பெயரை இட்டார். இன்றைய கருவியிலோ, எண்ணெய்த்தன்மை வாய்ந்த மெல்லிய போர்வையுடைய சிலிக்கா மணிகள் நெருங்க அடைக்கப்பட்டிருக்கும்; அவற்றினூடே பம்பியொன்று திரவத்தை மிகுந்த அழுத்தத்துடன் செலுத்தும். நீரை நாடும் சைற்றரபீன் மணிகளிற் பெரிதும் தங்காது முந்தி வெளிவரும். எண்ணெயை நாடும் டோனோரூபிசின் தயங்கித் தயங்கிப் பிந்தி வரும். இரண்டும் ஊதாக்கடந்த ஒளியை உறிஞ்சுவன. ஆதலின் ஒவ்வொன்றும் வெளிவருகையில் வரைதாளில் ஒரு முகடு எழும். அளவு தெரிந்த தூய மருந்தின் முகட்டுப் பரப்புடன் ஒப்பிட்டால் கணக்குத் தெளிவாகும்.

இத்துணை எளிதாயின் வேலை எங்கே? வேலை முழுதும் குமிழிலே இருக்கின்றது. குமிழை உடைத்தாலன்றி உள்ளிருக்கும் மருந்து வெளிப்படாது. மெதனோல் சேர்த்தால் கொழுப்புச் சுவர் குலையும். ஆனால் அம்மெதனோல் மிகுந்துவிட்டால், முந்திவரும் சைற்றரபீனின் முகடு சிதைந்து அகலும். கொழுப்போ குழாயிற் படிந்து அடுத்தடுத்த அளவைகளைக் கெடுக்கும். இவற்றிடையே ஒரு நடுவழி காண்பதற்கே பல நாள் செல்லலாம்.

அன்றியும், முழு அளவு சரியாயிருப்பது மட்டும் போதாது. குமிழிலிருந்து கசிந்த மருந்தும் உடைத்தபின் அதே முகட்டிற் சேர்ந்துவிடும். கசிவு கண்ணுக்குப் படாது. எனவே இன்னொரு பகுதியை எடுத்து, குமிழ்களை உடையாமலே வடித்து நீக்கி, வெளித்திரவத்தில் உள்ள மருந்தைத் தனியே அளக்கின்றனர். முதற்கணக்கிலிருந்து இதனைக் கழிக்க, உள்ளே எஞ்சியது எவ்வளவு என்பது புலனாகும். சைற்றரபீன் மட்டும் சிறிது கசிந்திருந்தாற்கூட, உள்ளிருக்கும் விகிதம் ஒன்றுக்கு ஐந்தாக இராது.

மருந்தினை வேண்டுமென்றே அமிலத்திலும் காரத்திலும் வெப்பத்திலும் கெடுத்துப் பார்ப்பதும் உண்டு. கெட்ட பொருளின் முகடு நல்ல மருந்தின் முகட்டுக்குள் ஒளிந்துகொண்டால், பழுதுற்ற குப்பியும் குறைவற்றதாகக் காட்சியளிக்கும். அவ்விரு முகடுகளும் விலகி நிற்கும்வரை அம்முறையை எந்த ஆய்வுகூடமும் ஏற்பதில்லை.