தறி நின்ற வீடு

ஊத்துக்கோட்டையை அடுத்த சிற்றூரொன்றில், சென்ற கார்த்திகையில், அங்கத்தினர் ஒருவர் இல்லத்துக்கு நாம் சென்றிருந்தோம். தறிக்குழியில் முழங்காலளவு நீர். பாவுக்குக் கஞ்சி தோய்த்து உலர்த்த வெயிலில்லை. ஐந்து வாரமாகக் கணவருக்கு நெசவில்லை. மனைவிக்குத் தார் சுற்றும் வேலையுமில்லை.

அம்மையாரின் காதில் கம்மல் இல்லாமையைக் கண்டோம், கேட்கவில்லை. அவரோ, "இருவரும் ஒன்றாக உட்கார்ந்து உண்பது இம்மழையில்தான் அய்யா, தறி ஓடினால் அவருக்குக் குழியிலேயே கஞ்சி" என்று நகைத்தார். ஆரணியாற்றில் கணவர் பிடித்த கெளுத்தி அடுப்பில் குழம்பாகிக்கொண்டிருந்தது. பாதி நெய்த துணியில் பூஞ்சணம் படர்ந்திருந்தது. அப்பக்கம் இருவரும் நோக்கவில்லை.

நமது பதிவேட்டில் அவ்வீட்டுக்கு நேரே "உற்பத்தி இல்லை" என்று மட்டுமே எழுத இடமிருந்தது.

அன்பர்களே! 1953இல் மில் துணிமீது தீர்வை விதித்துக் கைத்தறிக்கு உதவச் சட்டம் பிறந்தது. சேமிப்புப் பாதுகாப்புத் திட்டத்தில், கூலியில் ரூபாய்க்கு 8 காசு நெசவாளர் செலுத்த, அரசு 4 காசு சேர்க்கிறது. இவை நல்ல உதவிகளே. ஆயினும் குழியைச் சுற்றித் தளத்தை உயர்த்திச் சிமெண்டு பூசுவதும், பாவு உலர்த்தப் பொதுக்கொட்டகை அமைப்பதும் சங்கம் கருதினால் ஆகக்கூடியவை. ஐப்பசிக்கு முன்னரே பொதுக்குழுவில் கேளுங்கள். ஒருங்கே உண்ணும் இன்பத்துக்கு வேலையின்மை விலையாக வேண்டியதில்லை.